பால் நூலில் பின்னிய நீச்சலுடை

பழைய உடுப்புக் கடைக்காரி கிளறா, கோபாலசிங்கத்துக்கு அறுநூற்று நாற்பது யூரோ தரவேண்டியிருந்தது. பழைய காலத்துப் பெண்களின் நீச்சலுடைகள் முப்பத்திரண்டு. ஒவ்வொன்றும் எந்த வருடத்தது என்று பார்த்துச் சொல்ல, ஒன்றுக்கு இருபது யூரோ. பேசியது பெப்ரவரியில். யூலை முடியப்போகிறது, ஒரு சதம் வரவில்லை.

அவளுடைய கடைக்கு அவர் மூன்று தரம் போய்விட்டார். முதல் தரம் "அடுத்த கிழமை" என்றாள். இரண்டாம் தரம் வங்கியில் ஏதோ சிக்கல் என்றாள். மூன்றாம் தரம் போனபோது கடையின் இரும்புக் கதவு பாதிக்கு இறக்கியிருந்தது. அதன் கீழே அவளுடைய சிவப்புச் சப்பாத்து தெரிந்தது. கூப்பிட்டார். சப்பாத்து அசையவில்லை. அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் நடுவெயிலில் குனிந்து நின்று, ஒரு சோடிச் சப்பாத்தைப் பார்த்து "சின்யோரா, சின்யோரா" என்று மரியாதையாகக் கூப்பிட்ட கோலத்தை நினைக்க நினைக்க அவருக்கு ஆத்திரம் ஆறவில்லை. பிச்சைக்குப் போனாரா? செய்த வேலைக்குக் கூலி கேட்கப் போனார்.

கோபாலசிங்கம் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதைச் சொல்ல அவருக்கு வெட்கம் கிடையாது. பல்கலைக்கழகம் போனவர்கள் தன்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்லுவார். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு தையற்கடையில் பொத்தானுக்குத் துளை கட்டப் பழகினவர். எண்பத்தொன்பதாம் ஆண்டு இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு பையும் பையில் உடுத்த ஒரு சாரமும்தான். வந்த மூன்றாம் மாதம் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு வில்லாவில் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்தாறு வருடம் அந்த வீட்டின் கதவையும் கண்ணாடியையும் துடைத்தார். ஒருவருடைய சிபாரிசும் இல்லை.

அந்த வில்லாவில் இரண்டு அலுமாரி நிறைய நீச்சலுடைகள் இருந்தன. வீட்டுக்கார சின்யோராவின் பாட்டியுடையது, தாயுடையது, சிற்றன்னைமாருடையது, அவளுடையது. அந்த வீட்டார் ஒரு ஊசியையும் எறிய மாட்டார்கள். வருடா வருடம் மே மாதம் அவற்றை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, பூச்சி பார்த்து, கற்பூரம் வைத்து மடிப்பது கோபாலசிங்கத்தின் வேலை. சுவர் முழுக்கக் கடற்கரைப் படங்கள். தூசு துடைக்கப் படத்தைக் கழற்றினால் பின்பக்கத்தில் பென்சிலால் வருடம் எழுதியிருக்கும். அவர் வருடத்தைப் பார்ப்பார். படத்தில் நிற்கிறவளின் உடுப்பைப் பார்ப்பார். அலுமாரியில் போய் அதையே தேடி எடுத்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பார். சொல்லிக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. எட்டு வருடத்தில், படத்தைத் திருப்பாமலே வருடம் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்து என்றால் முழங்கால் தாண்டிய காற்சட்டை, மாலுமிக் கழுத்து, கறுப்புக் கம்பளி. தண்ணீரில் நனைந்தால் ஆளையே கீழே இழுக்கும் பாரம். இருபதுகளில் கை போனது, தோளில் பொத்தான் வந்தது. முப்பதுகளில் முதுகு திறந்தது. முன்னுக்கு மட்டும் ஒரு துண்டுப் பாவாடை, மானத்துக்கு. றப்பர் நூல் வந்தபிறகு உடுப்பு உடம்போடு ஒட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபிறகு மார்புக்குக் கிண்ணமும் உள்ளே கம்பியும் முதுகில் ஸிப்பும். சாயம் மங்கலாம். பெயர்த்துண்டை எவனும் பிடுங்கி இன்னொன்றைத் தைக்கலாம். நூலும் ஊசித்துளையும் பொய் சொல்லாது என்பது அவருடைய கட்சி.

வில்லாவின் சின்யோரா விருந்தாளிகள் வந்தால் அவரைக் கூப்பிடுவாள். "கோபால், இது எந்த வருடம்?" அவர் சொல்லுவார். விருந்தாளிகள் கை தட்டுவார்கள். பிறகு அவர் குசினிக்குப் போய்க் கோப்பை கழுவுவார். அந்தக் கைதட்டலுக்கு என்ன விலை என்று அவர் யோசிக்கத் தொடங்கியது சின்யோரா செத்து, வேலை போன பிறகுதான். பழஞ்சாமான் கடைகளுக்குத் தானே நடந்து போய், "என்னிடம் இந்த வித்தை இருக்கிறது, காசு தந்தால் சொல்லுவேன்" என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்களே வீடு தேடி வந்தார்கள்.

பலெர்மோவில் இருந்த ஊர்ச்சனம் மட்டும் சிரிப்பதை நிறுத்தவில்லை. போர்கோ வெக்கியோவில் அவர் குடியிருக்கும் மாடிக்குக் கீழே, சந்தை ஓரமாக விமலராஜ் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். அவன் வாய் சும்மா இராது.

"வாங்கோ கோபாலண்ணை! இண்டைக்கு ஆற்றை இடுப்பளவு பாத்தனீங்கள்?"

"உன்ரை மாமியாற்றை. நீளம் காணாது, ரண்டைச் சேத்துத் தைக்க வேணும்."

கடையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். கோபாலசிங்கம் சிரிக்க மாட்டார். பருப்பை எடுத்துக்கொண்டு படியேறுவார்.

கிளறாவின் கடை கதீட்ரலுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில். அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பழைய உடுப்புகளை வாங்கி வடக்கே உள்ள பணக்காரருக்கு விற்பவள். மொண்டெல்லோவில் தொண்ணூற்றாறு வயதில் செத்துப்போன வேறொரு பெண்ணின் வீட்டைக் காலி செய்தபோது இந்த முப்பத்திரண்டும் ஒரு பெட்டியில் அவளுக்குக் கிடைத்தன. கோபாலசிங்கம் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாகப் பார்க்கலாம் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"தண்ணீர் படக்கூடாது சின்யோர் கோபால். ஒரு சொட்டும் படக்கூடாது."

"எனக்கோ சொல்லுறீங்கள்?" என்று அவர் இத்தாலியனில் சீறினார். "நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலை நான் இதுகளை மடிச்சு வச்சனான்."

பதினொரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தார். கண்ணாடி, பூதக்கண்ணாடி, ஒரு கொப்பி. ஒவ்வொன்றுக்கும் வருடம், துணி, தையல், எது அசல், எது பிறகு மாற்றியது என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் எழுதினார். முப்பத்தொன்று முடிந்தது. கடைசி ஒன்று அவரை மறித்தது.

கடும் நீலம். திறந்த முதுகு, முன்னுக்குத் துண்டுப் பாவாடை: இவை முப்பதுகள் என்றன. முதுகின் அடியில் ஒரு சாண் நீள ஸிப்: அது ஐம்பதுகள் என்றது. ஸிப்பைத் தைத்த நூலில் ஒரு நுனி எடுத்து நெருப்புக் காட்டினார். உருகி, மணிபோல உருண்டது. நைலோன். உடுப்பின் மற்றத் தையலெல்லாம் பருத்தி நூல். கடதாசி எரிகிற மணம். ஆக, ஸிப் பிறகு வந்தது. அதுவரை சரி. ஆனால் ஸிப்பைக் கழித்துவிட்டால் உடுப்பு எந்த வருடம்? அந்த மாதிரி வெட்டு போருக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. துணி கம்பளி போல இருந்தது, ஆனால் கம்பளியின் முறுக்கு அதில் இல்லை. பஞ்சுபோலத் துவண்டது. எரித்தால் மயிர் எரிகிற மணம், கம்பளியைப் போலவே. கோபாலசிங்கத்துக்குத் தெரியவில்லை. "தெரியவில்லை" என்ற சொல் அவருக்குத் தொண்டையில் முள். கொப்பியில் வருடத்துக்கு இடம் விட்டுவிட்டு, அதையும் இன்னும் பெட்டியில் வைக்காத வேறு இரண்டையும் கதிரையில் போட்டார்.

அடுத்த நாள் காலை, பஸ்ஸுக்குப் புறப்படும்போது மனைவி இந்திராதேவி கேட்டாள். "உது ஆற்றை உடுப்புகள்?"

"ஒரு மனிசியின்ரை. அது செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

பஸ் நிலையத்தில் நிற்கும்போதுதான் கண்ணாடியை வீட்டில் விட்டது தெரிந்தது. திரும்பி வந்தார். கதவைத் திறந்தால் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். இந்திராதேவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குளியல் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். தொட்டி நிறைய மஞ்சள் தண்ணீர். பக்கத்தில் வெறுமையான மஞ்சள் தூள் பைக்கட். கதிரையில் கிடந்த மூன்று உடுப்பும் தண்ணீருக்குள்.

"இந்திரா! என்னடி செய்யிறாய்?"

"தோய்க்கிறன். செத்தவீட்டு உடுப்பைச் சாமித்தட்டுக்குப் பக்கத்திலை பதினொரு நாள் வச்சிட்டு, நீங்கள் போய் உலாத்துங்கோ. பிள்ளையாரும் அங்கை, இந்த ஊர்ச் சாமி சாந்தா றொசாலியாவும் அங்கை. துடக்கு, தீட்டு எல்லாம் வீட்டுக்குள்ளை."

"அது கம்பளியடி! எண்பது நூறு வருசத்து உடுப்பு!"

"நூறு வருசமாத் தோய்க்கேல்லை எண்டால் இண்டைக்காவது தோய்க்க வேணும்தானே."

கோபாலசிங்கம் போட்ட சத்தத்தில் கீழே கணவாய் மீன் விற்கிறவன் நிமிர்ந்து பார்த்தான். விசர் என்றார், பேய் என்றார், தன் முப்பது வருடப் பிழைப்பில் மண் போட்டுவிட்டாய் என்றார். இந்திராதேவியும் விட்டுக் கொடுக்கவில்லை. ஒரேத்தோத் தெருவில் நாலு கட்டடத்துப் படிக்கட்டைக் கழுவுகிறவள். கழுவுவது பற்றி ஒருவரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

கையை விட்டுத் தூக்கினார். இரண்டு உடுப்பு அறுபதுகளின் கறுப்பு நைலோன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது அந்தக் கடும் நீலம். தூக்கியதும் அது தன் பாரத்தில் தானே நீண்டு முழங்கால் வரை தொங்கியது. அப்போது ஒரு மணம் வந்தது. புளித்த மணம்.

"இதுக்குள்ளை பாலோ ஊத்தினனீ?"

"எனக்கென்ன விசரோ? மஞ்சள் மட்டும்தான் போட்டனான்."

"அப்ப ஏன் பால் திரைஞ்ச மணம் மணக்குது?"

கேட்கும்போதே அவருக்கு ஒரு கதை நினைவு வந்தது. வில்லாவின் சின்யோரா ஒருமுறை சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அது. அவள் சிறுமியாக இருந்தபோது அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பளி வேண்டாம் என்று வீறாப்பாக நின்றது. கம்பளிக்குப் பதிலாகப் பாலிலிருந்து நூல் இழுத்தார்கள். தாய் அந்த நூலில் பின்னிய நீச்சலுடை ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்தாள். முதல் அலையிலேயே உடுப்பு முழங்காலுக்கு இறங்கியது. கரையேறினால் உடம்பு முழுக்க றிக்கொத்தாப் பாற்கட்டி மணம். கூட வந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின. முப்பத்தேழாம் ஆண்டு, என்றிருந்தாள். தண்ணீரில் பலமில்லாத நூலில் நீச்சலுடை பின்னுவது, வேறு கம்பளி கிடைக்காத காலத்தில்தான் நடக்கும். போர் முடிந்து நல்ல கம்பளி வந்தபிறகு எவன் அதைத் தொடுவான்?

உடுப்பைத் துவாயில் பரப்பி, பழைய அளவுக்கு மெல்ல ஒதுக்கி, நிழலில் மூன்று நாள் காயவிட்டார். கடும் நீலத்தில் மஞ்சள் தெரியவில்லை. உள்விளிம்பில் வைத்துத் தைத்திருந்த வெள்ளை நாடா மட்டும் மஞ்சளாகிப் போயிற்று. கொப்பியில் விட்டிருந்த இடத்தில் "1937 முதல் 1940 வரை" என்று எழுதினார். துணி என்ற இடத்தில் பின்னல் என்று மட்டும் போட்டார்; பால் நூல் என்று எழுதினால் நனைத்தது தெரிந்துவிடும்.

"இதைப்பற்றி வாய் திறந்தியோ தெரியும்" என்றார் மனைவியிடம்.

கிளறாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் அந்த ஒன்றைத்தான் முதலில் எடுத்தாள். இது எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

"ஒருக்காப் பார்த்தன். கண்ணுக்குத் தெரிஞ்சது."

அவள் வாயைப் பிளந்தாள். அந்தப் பொய் அன்று அவருக்கு இனிப்பாக இருந்தது.

பிறகுதான் "அடுத்த கிழமை"கள். ஒரு நாள் விமலராஜ் தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அண்ணை, உங்கடை சாமானெல்லாம் இதிலை தொங்குது, பாருங்கோ."

கிளறாவின் கடைப் பக்கம். முப்பத்திரண்டு படம். ஒவ்வொன்றின் கீழும் வருடம், துணி, தையல். கொப்பியில் அவர் எழுதிய வசனங்கள், இலக்கணம் மட்டும் திருத்தியபடி. முடிவில் "எங்கள் கடையின் நிபுணர் ஆய்வு" என்று ஒரு வரி. கடும் நீலத்தின் கீழே "காலத்தால் மஞ்சளித்த அசல் நாடா" என்றிருந்தது. விலை தொளாயிரம் யூரோ. விற்றாகிவிட்டது.

"ஆரண்ணை அந்த நிபுணர்?"

"நான்தான்ரா!"

"பேரைக் காணேல்லை?"

அவர் போனைத் தள்ளினார்.

"காசாவது தந்தவளோ?"

கோபாலசிங்கம் வெளியே வந்தார். மீன்காரன் வீதியில் ஊற்றிய தண்ணீரில் சப்பாத்தோடு நடந்தார். இருபத்தாறு வருடம் கைதட்டி அனுப்பினார்கள். இவள் கையும் தட்டவில்லை.

நாலாம் தரம் போனார். இந்தமுறை கடை திறந்திருந்தது. கிளறா ஒரு பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவள்தான் முதலில் சத்தம் போட்டாள். பேச்சு முழுக்க இத்தாலியனில்.

"நல்ல நேரம் வந்தீர்கள்! இதைப் பாருங்கள். மிலானோவிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. வாங்கினவர் தன்னுடைய ஆளிடம் காட்டினாராம். ஸிப் ஐம்பதுகளின் ஸிப், ஆகவே உடுப்பும் ஐம்பதுகள் என்கிறான். தொளாயிரத்தையும் நான் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு எதற்குக் காசு?"

"ஸிப் பிறகு வச்சதெண்டு நான் எழுதித் தந்தனான். வாசிக்கேல்லையோ? இஞ்சை பாருங்கோ, பழைய ஊசித்துளை. இது பருத்தி நூல், இது நைலோன் நூல்."

"சரி, ஸிப் பிந்தியது. ஆனால் முப்பத்தேழு என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?"

கோபாலசிங்கம் ஸிப்பை மறுபடியும் விரலால் தடவினார்.

"கண்ணுக்குத் தெரிந்தது என்றீர்கள். உங்கள் கண்ணைத் தபாலில் மிலானோவுக்கு அனுப்பட்டுமா? ஒன்று பிழை என்றால் மற்ற முப்பத்தொன்றையும் எப்படி நம்புவது?"

"அந்த முப்பத்தொண்டையும் என்ரை சொல்லை நம்பித்தானே வித்துக்கொண்டிருக்கிறாய்!" அவர் மேசையில் அடித்த அடியில் பொத்தான் டப்பா கவிழ்ந்தது. "என்ரை எழுத்து, நிபுணர் எண்டு உன்ரை கடைப் பேர்! என்ரை பேரை ஏன் போடேல்லை?"

கிளறா கீழே சிந்திய பொத்தான்களைப் பார்த்தபடி, சத்தத்தைக் குறைத்து, "வாங்குகிறவர்கள் நம்ப வேண்டாமா?" என்றாள்.

என்ன நம்ப வேண்டும் என்று அவள் சொல்லி முடிக்கவில்லை. சொல்லாமலே விளங்கியது. பெயர் நீளம், தோல் கறுப்பு, வீட்டு வேலைக்காரன். கோபாலசிங்கம் வெளியே வந்து, பஸ்ஸுக்கும் நிற்காமல் நடந்தார்.

வீட்டுக்கு வந்து இந்திராதேவியின் தலையில் கொட்டித் தீர்த்தார்.

"எல்லாம் உன்னாலை! உன்ரை மஞ்சளும் உன்ரை துடக்கும்!"

"என்னாலையோ? வருசம் தெரியாமல் கதிரையிலை போட்டிட்டு முழுசிக்கொண்டு இருந்தது ஆர்? நான் தண்ணியிலை போட்டபடியால்தானே மணத்தைக் கண்டனீங்கள்."

"அதை அவளுக்கு என்னெண்டு சொல்லுறது? ஒரு சொட்டும் படக்கூடாதெண்டவள். தண்ணியிலை போட்டவன் எண்டு தெரிஞ்சால் இனி ஒரு கடைக்காரனும் என்னட்டை ஒரு லேஞ்சித்துண்டுகூடத் தரமாட்டான்."

"பிழையான வருசம் சொன்னவன் எண்டு தெரிஞ்சால் தருவினமோ?"

அவர் சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்தார்.

"தண்ணியிலை போட்டது நான். கெட்ட பேர் எனக்கு வரட்டும். ஆனால் வருசம் சரிதானே? நீங்கள் சொன்ன வருசம் சரிதானே?"

"சரிதான்ரி! கழுத்தை வெட்டினாலும் சரிதான்!"

"அப்ப நாளைக்கு வாறன். அவளை மணக்க வைப்பம்."

அன்று இரவு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு யோசித்தார். மணத்தைப் பற்றிச் சொன்னால், ஒருமுறை பார்த்தே கண்டுபிடித்தேன் என்று அவர் விட்ட புளுகும் சேர்ந்து வெளியே வரும். மொண்டெல்லோவிலிருந்து இந்த மேசை வரை அவர் கட்டி எழுப்பிய பெயருக்கு அடித்தளமே அந்தக் கண்தான். ஆனால் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஐம்பது யூரோவும் பெறாத ஐம்பதுகளின் துணி என்று ஒரு முட்டாள் சொன்னதை நிற்கவிட்டால், அந்தப் பெயர் இருந்தும் என்ன?

மறுநாள் இருவரும் போனார்கள். இந்திராதேவி படி கழுவிவிட்டு நேரே வந்ததால் கையில் ஜவெல் வெளுப்பு நீரின் மணம் இருந்தது. அவளைக் கண்டதும் கிளறா புருவத்தை உயர்த்தினாள்.

கோபாலசிங்கம் முகவுரை ஒன்றும் வைக்கவில்லை. "நான் சொன்னது பொய். கண்ணாலை தெரியேல்லை. துணி எனக்குப் பிடிபடேல்லை. தண்ணியிலை போட்டபிறகு மணத்திலை கண்டுபிடிச்சனான்."

கிளறாவின் முகம் சிவந்தது. "தண்ணீரில் போட்டீர்களா?"

"போட்டது நான், சின்யோரா" என்றாள் இந்திராதேவி. அவளுடைய இத்தாலியன் படிக்கட்டுகளில் பழகியது. சுற்றி வளைக்கத் தெரியாது. "செத்த ஆளின்ரை உடுப்பு, எங்கடை வீட்டுக்குள்ளை கழுவாமல் வரக்கூடாது. அவர் கத்தினவர். எனக்குத் தெரியாது, நான் போட்டிட்டன்."

"எதில் கழுவினாய்?"

"மஞ்சளிலை. உங்கடை நாடா மஞ்சளானது அதாலைதான்."

கிளறா உடுப்பைப் பறித்து உள்விளிம்பைப் புரட்டினாள். காலத்தால் மஞ்சளித்த அசல் நாடா என்று தானே எழுதி, தொளாயிரம் யூரோவுக்கு விற்ற நாடா. உடுப்பை மேசையில் வைத்தாள்.

"இப்ப ரண்டு துணி தா" என்றார் கோபாலசிங்கம். "இருபதுகளின்ரை கம்பளி ஒண்டு, அந்தக் கறுப்பு, உன்ரை எலி அரிச்சது. மற்றது இது. ஒரு கோப்பை சுடுதண்ணி."

"இன்னும் தண்ணீரா?"

"ஐம்பதுகளின்ரை துணியெண்டால் உனக்கு என்ன நட்டம்?"

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கறுப்பின் கிழிந்த ஓரத்தை விரல் நுனியால் நனைத்து, உள்ளங்கையில் பொத்தி, நூறு எண்ணும் வரை சூடாக்கி, அவளிடம் நீட்டினார். அவள் முகர்ந்தாள்.

"நாய்" என்றாள். "நனைந்த நாய்."

"அது கம்பளி. ஆட்டு மயிர். இப்ப இதை மண."

கடும் நீலத்தின் உள்மடிப்பை அதேபோல நனைத்து, பொத்தி, சூடாக்கிக் கொடுத்தார். கிளறா முகர்ந்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி முகர்ந்தாள். குளிர்ப்பெட்டியில் மறந்துபோன பால் போத்தலின் மணம் அந்தச் சின்னக் கடையில் பரவியது.

"பால் நூல்" என்றார் அவர். "போருக்கு முன்னாலை, கம்பளி இல்லாத காலத்திலை உங்கடை ஆக்கள் பாலிலை இழுத்த நூல். உன்ரை பாட்டி உடுத்திருப்பா. மிலானோக்காரன் படிச்சவன், ஸிப்பைப் பாத்திட்டுப் போயிட்டான். மூக்கை வச்சுப் பாக்கேல்லை. இப்ப வாங்கினவருக்கு எடு, போனை எடு!"

அவள் எடுத்தாள். மறுமுனையில் உடுப்பை வாங்கித் திருப்பி அனுப்பிய மனிதர் முதலில் சலித்துக்கொண்டது வெளியே கேட்டது. அவள் பால் நூலைப் பற்றிச் சொன்னதும் சத்தம் நின்றது. பிறகு ஒரு கேள்வி. கிளறா கோபாலசிங்கத்தைப் பார்த்தாள்.

"யார் கண்டுபிடித்தது என்று கேட்கிறார்."

"சொல்லு."

"கோபால் என்று ஒருவர்..."

"முழுப்பேரையும் சொல்லு! என்ரை கொப்பியிலை முதல் பக்கத்திலை கிடக்கு."

அவள் கொப்பியை இழுத்தெடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். "கோ-பா-ல-சிங்-கம்." இரண்டு தரம் தடக்கினாள். அவர் திருத்தவில்லை, அவள் சரியாகச் சொல்லி முடிக்கும் வரை முறைத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் உடுப்பை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், திங்கட்கிழமை தானே வருகிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டு கிளறா காசு லாச்சியைத் திறந்தாள். "நாடாவுக்கு நூறு கழிக்கிறேன்."

"ஏன் கழிக்கிறாய்?" இந்திராதேவி ஒரு அடி முன்னே வந்தாள். "காலத்தாலை மஞ்சளானதெண்டு எழுதி வித்தது நீ. திங்கட்கிழமை வாறவருக்கு அது எங்கடை கடையிலை வேண்டின மஞ்சள் எண்டு நானே சொல்லட்டோ? விமலராஜின்ரை கடை, பைக்கட் ஒரு யூரோ அம்பது."

கிளறா நோட்டுகளை எடுத்து, எண்ணாமல், மேசை ஓரத்தில் வைத்தாள்.

"மேசைக்கு நான் வேலை செய்யேல்லை" என்றார் கோபாலசிங்கம். அவருடைய குரல் உயரவில்லை. அதனாலேயே கிளறா நிமிர்ந்தாள். "வில்லாவிலையும் இப்பிடித்தான், மாதக் காசு கோப்பைக்குக் கீழை கிடக்கும், நானே பொறுக்கி எடுக்க வேணும். ஆறு மாசம் என்னை நடக்க வச்சனீ. கையிலை எண்ணித் தா."

அவர் கையை நீட்டுவதற்கு முன்னால் இந்திராதேவியின் கை நீண்டுவிட்டது. விரித்த உள்ளங்கை, படிக்கட்டுத் தண்ணீரில் வெளிறிச் சுருங்கியது. கோபாலசிங்கம் அவளைத் திரும்பி முறைத்தார். அவள் கையை இழுக்கவில்லை. அவர் தன் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கிளறா நோட்டுகளை மறுபடி எடுத்தாள். ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்தக் கையில் வைத்தாள். ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு. ஐந்நூறில் ஒரு நோட்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டது. இந்திராதேவி நாக்கில் விரலைத் தொட்டுப் பிரித்துக் காட்டினாள். ஐந்நூற்றைம்பது. அறுநூறு. பிறகு இரண்டு இருபதுகள்.

"அறுநூற்று நாற்பது" என்றாள் கிளறா.